தொட்டியக்காவும் அவள் மேல்வரிசைப் பல்லும்

தொட்டியக்காவுக்கு வாய் பெரிது. முதல்முதலாகப் பார்த்த அன்றே அவள் புருஷன் அதைத் தெரிந்துகொண்டுவிட்டான். தெரிந்தும் கட்டிக்கொண்டான் என்றால் அது அவன் தலையெழுத்து; அதில் நாம் குறுக்கே போவதற்கில்லை. அவன் தையல்காரன். நாள் முழுக்க உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவன். ஆகையால் பெண்டாட்டிக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் குடித்தனம் நன்றாக நடந்ததற்குக் குண்டூசிதான் காரணம் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச முடியாது.

அவள் வேலை பார்த்தது வேர்த் தொழிற்சாலையில். மருந்துச் செடியின் வேர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வேர் என்றால் ஏதோ விரல் தண்டி என்று நினைத்துவிடக் கூடாது. கைக்குழந்தையின் தொடை மாதிரி இருக்கும். மடிப்புக்கு மடிப்பு மண். கல்யாணமான புதிதில் அந்த வேரைத் தேய்த்துக் கழுவத்தான் அவள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு நறுக்கும் மேசைக்குப் போனாள். அங்கிருந்து தொட்டி அறைக்கு. அதற்கப்புறம் அவள் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. புருஷனைக்கூடத் தொட்டி மாமா என்றார்கள். பாவம், அவன் அந்தத் தொட்டியைக் கண்ணால் கண்டதில்லை.

தொட்டி அறையில் நடப்பது இதுதான். நறுக்கிய வேரை வேகவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றைப் பெரிய எவர்சில்வர் தொட்டியில் விடுவார்கள். அப்படியே எடுத்துக் குடித்தால் பாதிக்கு மேல் உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். ஏனென்றால் வேரில் இருக்கிற சத்து முதுகில் சர்க்கரை மூட்டைகளைக் கட்டிக்கொண்டு திரிகிறது. மூட்டையோடு வருகிறவனைக் கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டார் அல்லவா, குடலும் அப்படித்தான். மூட்டையை அவிழ்த்து இறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நொதி. ஆய்வுக்கூடத்தில் என்சைம் என்பார்கள். பார்க்க வெளுத்த மாவு மாதிரி இருக்கும். தொட்டி அறையில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தவள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

பெயர் பொருந்தவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சூடு கொஞ்சம் குறைந்தால் மாப்பிள்ளை சுருண்டு படுத்துவிடுவார். கொஞ்சம் கூடினால் செத்தே போவார். புளிப்பு கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம். தொட்டியில் விடுவதற்கு முன்னால் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து உபசாரம் செய்யவேண்டும். இத்தனையும் செய்தால் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பார். அதிலும் ஒரு வினை இருந்தது. முதல் மூட்டை இறங்கியதும் ஆவியை விட்டுக் கொதிக்கவைத்து அவர் கதையை முடித்துவிடவேண்டும். விட்டுவைத்தால் அடுத்த மூட்டையிலும் கை வைப்பார். அப்புறம் அந்தச் சத்து ஒன்றுக்கும் ஆகாது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளையை எந்த நேரத்தில் கிளப்புவது என்பதுதான் அந்த அறையின் மொத்த வித்தை.

அந்த நேரத்தைத் தொட்டியக்கா நாக்கால் பார்த்தாள். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டால் முதலில் கசக்கும். விழுங்கப்போகிற நேரத்தில் தொண்டைக்கு மேலே நூல்போல ஓர் இனிப்பு ஓடும். மூட்டை இறங்க இறங்க அந்த நூல் மெலியும். அறுந்துவிட்டால் அவள் போடுகிற கூச்சல் வாசல் வரைக்கும் கேட்கும்.

"டேய் நீராவி! கிளப்புடா அவரை!"

நீராவி என்பது கொதிகலன்காரனுக்கு எல்லோரும் வைத்த பெயர். அவன் ஓடிவந்து குழாயைத் திருகுவான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மெஷின் வரும் வரைக்கும். முதலாளி அதை எங்கிருந்தோ பழைய சாமானாக வாங்கிவந்து ஆய்வுக்கூடத்தில் இறக்கினார். சாற்றில் ஒரு துளியை அதற்குக் கொடுத்தால் நெடுநேரம் முனகிவிட்டுத் திரையில் மலை மலையாக வரையும். மூட்டையோடு இருக்கிற சத்து ஒரு மலை, மூட்டை இறங்கின சத்து ஒரு மலை. அது கரைந்து இது வளரவேண்டும். மெஷின் மட்டும் வந்திருந்தால் தொட்டியக்கா ஒரு பழைய துணியைப் போட்டு மூடிவிட்டு மறந்திருப்பாள். அதை ஓட்டுவதற்கு ஒரு படித்த அம்மாள் வந்தாள். அம்மாளோடு ஒரு மகளும் வந்தாள். தொட்டியக்காவின் மகன் அதே இடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷின்காரம்மாள் தொட்டியக்காவுக்குச் சம்பந்தி ஆனது இப்படித்தான். சின்னஞ்சிறுசுகள் கண்ணால் பேசிக்கொண்டால் பெரியவர்கள் வாயால் அனுபவிக்கவேண்டும். உலகம் முழுக்க அதுதான் சட்டம்.

கல்யாணத்தன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. சம்பந்தி அன்று சவுரி வைத்துக் கொண்டை போட்டிருந்தாள். அது அவள் தலை, அவள் இஷ்டம். தொட்டியக்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நாலு பேர் நடுவில் நின்று கேட்டாள்.

"சம்பந்தியம்மா, முடி ரொம்ப அடர்த்தியா இருக்கே. பாதியாவது சொந்தமா?"

சம்பந்தி முகம் மாறவில்லை. "முடியை எங்கயும் வாங்கிக்கலாமுங்க. வாயைத்தான் யாரும் விக்கிறதில்ல. உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல, சொந்தமாவே ரெண்டு பேருக்கு ஆகிற அளவுக்கு இருக்கு."

தையல்காரன் அன்றைக்கு வாயில் குண்டூசி இல்லாமலே பேசாமல் இருந்தான்.

அதிலிருந்து நாக்குக்கும் மெஷினுக்கும் போட்டி. பெரும்பாலும் இரண்டும் ஒன்றையேதான் சொல்லும். அப்போது இவள், "என்னைப் பாத்துதான் உங்க மெஷின் எழுதுது" என்பாள். அவள், "மெஷின் முனகுறது கேட்டுத்தான் நீங்க கத்துறீங்க" என்பாள். மகனும் மருமகளும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல புத்தி.

இப்படி இருக்கையில் தொட்டியக்காவின் பற்களுக்கு ஆட்டம் கண்டது. மேல்வரிசை ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் பல் வைத்தியர் மிச்சத்தையும் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொடுத்தார். நல்ல வெள்ளைப் பல். பல்லுக்கு மேலே அண்ணம் முழுக்கப் பரவுகிற ரோஸ் நிறத் தகடு. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. தொட்டி அறைக்குப் போய்ச் சாற்றை நாக்கில் விட்டபோதுதான் தெரிந்தது, நூலைக் காணோம். கசப்பு ஏதோ அடுத்த வீட்டில் கசக்கிற மாதிரி இருந்தது.

புருஷனிடம் சொன்னாள். அவன் அதிசயமாகக் குண்டூசியைக் கையில் எடுத்துவிட்டுப் பேசினான்.

"கையில உறையைப் போட்டுக்கிட்டுத் துணியைத் தடவினா பட்டா பருத்தியான்னு தெரியுமா? கழட்டி வச்சிட்டுப் பாரு."

"கழட்டிட்டா எப்படிப் பேசுறது?"

"அது வேறயா" என்று சொல்லிவிட்டு அவன் குண்டூசியை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடியதாக அவளுக்குத் தோன்றியது.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சொல் போனால் போகட்டும், சம்பந்திக்குத் தெரியக் கூடாது. நாலு பேர் நடுவில் சவுரியைக் கேலி செய்துவிட்டு இன்றைக்கு வாடகைப் பல்லோடு போய் நிற்கமுடியுமா? நல்லவேளையாகத் தொட்டி அறையில் எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்வது வழக்கம். காலையில் வந்ததும் திரும்பி நின்று பல்லைக் கழற்றுவாள். ஒரு குவளைத் தண்ணீரில் பல் கழுவுகிற மாத்திரையைப் போட்டு, அதில் பல்லை இறக்கி, மேலே ஒரு தட்டை மூடி, அலமாரியில் வைத்துவிடுவாள். மாலையில் கழுவி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். நடுவில் எல்லாம் சைகைதான். நூல் அறுந்தால் கத்துவதற்குப் பதில் கரண்டியால் தொட்டியைத் தட்டுவாள்.

ஆலை முழுக்க இதே பேச்சாகிவிட்டது.

"அக்காவுக்கு என்னாச்சு? வாயைத் திறக்கிறதே இல்லையே" என்று நறுக்கும் மேசையில் ஒருத்தி கேட்டாள்.

"சம்பந்தி மேல கோபமாம்" என்றான் நீராவி.

"இந்தக் கோபம் முன்னாடியே வந்திருக்கக்கூடாதா? காது ரெண்டும் ஆறிப்போச்சே!"

சம்பந்திக்கும் அது எட்டியது. தன்மேல் கோபம் என்றே அவளும் நம்பினாள். நம்பி, நேரில் பார்க்கும்போதெல்லாம் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு போனாள்.

பிறகு அந்த நாள் வந்தது. முதலாளி வெளியூரிலிருந்து மருந்து வாங்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு தொட்டி அறைக்கு வந்தார். வருகிறார்கள் என்று நீராவி முன்னால் ஓடிவந்து சொன்னதும் தொட்டியக்கா அவசரமாகப் பல்லை எடுத்துக் குழாயில் அலசி மாட்டிக்கொண்டாள். எத்தனை நாளாக அடைபட்டிருந்த வாய்! மாப்பிள்ளையின் குணம், கோபம், படுக்கை, சாவு எல்லாவற்றையும் அவள் எடுத்துவிட்டபோது வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளிக்கே பெருமை தாங்கவில்லை. அவர்கள் போனபின்பும் அவளுக்கு அந்தப் போதை இறங்கவில்லை. பேசினதையே மனதுக்குள் திரும்பப் பேசிக்கொண்டு, அலமாரியிலிருந்து குவளையை எடுத்து, மாப்பிள்ளை மாவைக் கொட்டிக் கலக்கி ஊறவைத்தாள். ஊறியதும் தொட்டியில் விட்டாள். மறுபடி யாராவது வந்தால் உடனே மாட்டலாம் என்று பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கரண்டியோடு உட்கார்ந்தாள்.

நூல் மெலியவில்லை. சூட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. புளிப்பைப் பார்த்தாள், அதுவும் சரி. மறுபடி நாக்கில் விட்டாள். முதலில் இருந்த இனிப்பு அப்படியே இருந்தது. மத்தியானமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வந்த சுவடே இல்லை.

சம்பந்தியும் முதலாளியும் சேர்ந்து வந்தார்கள். சம்பந்தியின் முகம் சரியில்லை.

"மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். மலை அப்படியே இருக்கு, கரையவே இல்ல. தொட்டியிலதான் ஏதோ ஆகியிருக்கு" என்றாள்.

"தொட்டியில என்னம்மா ஆகும்? இத்தனை வருஷத்துல ஆகாதது?" முதலாளிக்கு வந்தவர்கள் முன்னால் அடைந்த பெருமை கையைவிட்டுப் போகிற ஆத்திரம். "வாங்கினதிலிருந்தே அந்த மெஷின் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. அக்கா, நீ சொல்லு. உன் நாக்கு என்ன சொல்லுது? மாப்பிள்ளை வேலை பாக்குறாரா, இல்லையா?"

நாக்கு சொன்னதும் மெஷின் சொன்னதும் ஒன்றுதான். அதைச் சொன்னால் குற்றம் தொட்டி அறைக்கு வரும். சொல்வதற்கு வாயிலும் பல் இல்லை. தொட்டியக்கா தலையை ஆட்டினாள். மேலும் கீழும் இல்லாமல், பக்கவாட்டிலும் இல்லாமல், கடையில் வாங்குவதா வேண்டாமா என்று தெரியாதவர்கள் ஆட்டுவார்களே, அப்படி ஒரு ஆட்டு. கேட்கிறவன் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதலாளி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? நாக்கு தப்பாது. மெஷின்தான் பல்லை இளிச்சிடுச்சு. அதையும் தூக்கிடறேன். நீங்களும் வேற இடம் பாத்துக்குங்கம்மா."

சம்பந்தி அழவில்லை. தொட்டியக்காவுக்கு நேரே வந்து நின்றாள்.

"நாக்குக்கு நரம்பு இல்லைன்னு கேள்விப்பட்டிருக்கேன். தலைக்குக் கழுத்தெலும்பும் இல்லைன்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டுத் தன் சாமான்களை எடுத்துவைக்கப் போய்விட்டாள். முதலாளி அவள் பின்னாலேயே போனார். இதற்கு ஒரு பதில் கொடுக்காமல் தொட்டியக்காவுக்கு உடம்பு தாங்குமா? பல்லை மாட்டிக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று அலமாரிக்குப் போனாள். மாட்டுவதற்கு முன்னால் ஒருதரம் மாத்திரைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம் என்று தட்டைத் தூக்கினாள். முகத்துணியை இறக்கி முகர்ந்தாள். குவளையில் மணமே இல்லை. வெறும் தண்ணீர். காலையில் மாப்பிள்ளைக்கென்று வெதுவெதுப்பாகப் பிடித்து மூடிவைத்த தண்ணீர்.

அப்படியென்றால் மாவைக் கலந்த குவளை? தொட்டி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து மூக்கருகில் வைத்தாள். குப்பென்று புதினா வாசம் அடித்தது.

 தொட்டியைப் பார்த்தாள். அத்தனை சாறும் அவள் பல் கழுவின தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது.

தப்பிக்க வழி இருந்தது. மாவு டப்பாவில் இன்னும் மாவு இருந்தது. நல்ல தண்ணீரில் கலந்து விட்டால் புது மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து வேலையை முடித்துவிடுவார். சாயங்காலத்துக்குள் நூல் அறுந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? கரண்டி டப்பாவுக்குள்கூடப் போய்விட்டது. அப்போதுதான் அவளுக்கு அந்த வெளியூர்க்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். நல்ல துணி உடுத்திக்கொண்டு, அவள் பல் கழுவின தண்ணீரை வேளாவேளைக்கு அளந்து குடிப்பார்கள். ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் தையல்காரன் நினைவுக்கு வந்தான். அவன் முட்டிவலிக்கும் இதே மருந்துதான். சிரிப்பு அடங்கிவிட்டது.

இன்னொன்றும் இருந்தது, உண்மையைச் சொன்னால் அதுதான் பெரிதாகக் குத்தியது. மெஷினை ஒருநாள் தோற்கடிக்கவேண்டும் என்று அவள் எத்தனையோ காலமாகக் காத்திருந்தாள். இன்று அது சரியாகச் சொல்லியும் தோற்றுவிட்டது. இதை ஜெயித்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? அவள் நாக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இன்றைக்குத் தலை சொல்லிவிட்டது. தலையை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முகத்துணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். வழியில் நீராவி அவள் வாயைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். உள்ளே சம்பந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். தொட்டியக்கா கைக்குட்டையை அவிழ்த்து, மேல்வரிசைப் பல்லை முதலாளியின் மேசையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதலாளி நாற்காலியோடு பின்னால் போனார். "என்ன இது!"

"பல்லு" என்றாள் தொட்டியக்கா. சொல்லில் பாதி காற்றாக வந்தது. அவள் விடவில்லை. "என்னோடது. இதைக் கழுவின தண்ணியிலதான் மாப்பிள்ளையைக் கலந்து விட்டிருக்கேன். மெஷின் பொய் சொல்லல. என் நாக்கும் அதையேதான் சொல்லிச்சு. தலைதான் மாத்தி ஆடிடுச்சு."

 முதலாளி அந்தப் பல்லை நாய்க்குட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், கடிக்குமா கடிக்காதா என்று. தொட்டியக்கா சம்பந்தியைப் பார்க்கவில்லை. இப்போது வரும், சவுரிக்கு வட்டியும் முதலும் சேர்த்து வரும் என்று காத்திருந்தாள்.

சம்பந்தி பையை இறக்கி வைத்தாள். மேசைக்கு அருகில் வந்து குனிந்து பல்லைப் பார்த்தாள்.

"எந்த மாத்திரை போடுறீங்க?"

"பல் டாக்டர் குடுத்தது. புதினா வாசம் வரும்."

"அதுலயும் ஒரு நொதி இருக்கு, தெரியுமா?" சம்பந்தியின் கண் பளபளத்தது, கோபம் போன இடம் தெரியவில்லை. "பல்லுல ஒட்டின அழுக்கை அரிச்சுத் தின்னுறதுக்குப் போட்டிருப்பான். உங்க மாப்பிள்ளையும் அதுக்கு அழுக்குதான். உக்காரவச்சு ஊறப்போட்டு அதுகிட்ட குடுத்திருக்கீங்க. தின்னு ஏப்பம் விட்டுடுச்சு!"

"மாப்பிள்ளையைத் தின்னுடுச்சா?" தொட்டியக்காவுக்குப் பல்லில்லாத வாய் பிளந்தது.

"முழுசா."

"அடிப்பாவி" என்றாள் தொட்டியக்கா. மாத்திரையைச் சொன்னாளா, சம்பந்தியைச் சொன்னாளா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்பிள்ளைகளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்கு என்ன வந்தது? தொட்டி முழுக்கச் சாறு அவருடையது.

அன்றைக்கே மதகைத் திறந்து சாற்றைச் சாக்கடைக்கு விட்டார்கள். நீராவிதான் திறந்தான், தொட்டியக்கா பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள். மெஷின் இருந்த இடத்தில் இருந்தது, சம்பந்தியும் இருந்தாள். தொட்டியக்காவை முதலாளி முற்றத்துக்கு அனுப்பினார், வேர் கழுவ. இளவயதில் உட்கார்ந்த அதே வேலை. அவள் முணுமுணுக்கவில்லை. முணுமுணுக்கவில்லை என்றால் வாய் மூடிக்கொண்டிருந்தாள் என்று அர்த்தமில்லை. இப்போது பல் நாள் முழுக்க வாயிலேயே இருந்தது. அடைபட்டிருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். வேர் கழுவுகிற பெண்கள் வேலை முடிந்து போகும்போது காதைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

மருமகளுக்குச் செய்தி எப்போது போனது என்று அவள் ஒருநாள் சம்பந்தியைக் கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லிட்டேனே" என்றாள் சம்பந்தி. "உங்க மகன் தண்ணி குடிச்சிட்டிருந்தாராம், மூக்கு வழியா வந்துடுச்சாம்."

"சொல்லாம இருக்கக்கூடாதா?"

"எனக்கு வயிறு உப்பிடுமே."

தொட்டி அறையில் நீராவியை வைத்துப் பார்த்தார் முதலாளி. அவன் நல்லவன், ஆனால் அவன் நாக்கில் கசப்பும் ஒன்றுதான், கருங்கல்லும் ஒன்றுதான். மெஷின் முனகி முடிப்பதற்குள் மாப்பிள்ளை அடுத்த மூட்டையில் கை வைத்துவிடுகிறார். எப்போது துளியை எடுத்து மெஷினுக்குக் கொடுப்பது என்று சொல்லவாவது ஒரு நாக்கு வேண்டியிருந்தது. இதை முதலாளியிடம் போய்ச் சொன்னவள் சம்பந்தி. முதலாளி நெடுநேரம் முகத்தைச் சுளித்துவிட்டு ஒரு ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். தொட்டியக்கா தொட்டி அறைக்குள் கால் வைக்கக்கூடாது. கரண்டி முற்றத்துக்கு வரும். பல் கழற்றினால் அந்தக் கட்டடத்தில் எந்தக் குவளையிலும், எந்தத் தட்டிலும், எந்த அலமாரியிலும் வைக்கக்கூடாது.

"அப்போ எங்க வைக்கிறது? மடியிலயா?" என்றாள் தொட்டியக்கா. முதலாளி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

முதல் கரண்டியை நீராவி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தான். பின்னாலேயே சம்பந்தி வந்தாள். வேர் கழுவுகிறவர்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தொட்டியக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, திரும்பி நிற்காமல், மறைக்காமல், வாயில் விரலை விட்டுப் பல்லைக் கழற்றினாள். அதைச் சம்பந்தியின் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க."

"நானா?"

"மெஷின்கிட்டயா குடுக்கமுடியும்?"

சம்பந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் கையை நீட்டுகிற மாதிரி தெரியவில்லை. இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி விரித்து, இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள்.

"சீக்கிரம் பாருங்க சம்பந்தியம்மா, கை கூசுது."

தொட்டியக்கா கண்ணை மூடிக்கொண்டு சாற்றை நாக்கில் உருட்டினாள். அவசரப்படவில்லை. நூல் இருக்கிறதா இல்லையா என்பதை அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட அவளுக்கு என்ன பைத்தியமா?